குளமங்கலத்துக் குதிரையைப் பார்க்காமல் இருக்காதீர்கள்!

அடேயப்பா, என்ன குதிரை! 33 அடி உயரம். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, இதோ தாவிவிடுவேன் என்று நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், குளமங்கலம் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயிலில். ஆசியாவிலேயே உயரமான குதிரைச் சிலை இதுதான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நானும் அவர்கள் கட்சிதான். எதிரே யானை ஒன்றும் இருந்ததாம். வில்லுனி ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம்.

சாதாரண நாளிலேயே வாய் பிளக்கும். மாசி மகத்தன்று போனால் பேச்சே வராது.

காகிதப்பூ மாலைகள்! குதிரை உயரத்துக்கே கட்டியவை. கார், வேன், டிராக்டர் என்று வருகிற வண்டியிலெல்லாம் மலைப்பாம்பு சுருண்ட மாதிரி ஒரு மாலை. ரோஸ், மஞ்சள், பச்சை என எல்லாம் கண்ணைப் பறிக்கிற நிறம். கொட்டுச் சத்தத்தோடு இறக்குகிறார்கள். மேலே நிற்கிற இளவட்டங்கள் இழுக்க, கீழே பங்காளிகள் தோள் கொடுக்க, மெல்ல ஏறிக் கழுத்தில் விழுகிறது. உடனே குலவை! கிட்டப் போய்ப் பார்த்தேன்: மடித்து வெட்டிய காகித இதழ்கள், விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கிக் கோத்தவை, நடுநடுவே மினுக்கும் ஜரிகைத் தாள். பழமாலைகளும் வருகின்றன. நேரம் ஆக ஆகக் குதிரையையே காணோம், மாலைதான் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கீரமங்கலம் வட்டாரம் பூ விவசாயத்துக்கும் பூச்சந்தைக்கும் பேர்போனது. ஆனால் குதிரைக்குக் காகிதம்! நிஜப்பூ சாயங்காலமே வாடிவிடுமே; குடும்பத்தோடு வந்து போட்ட மாலை அதற்குள்ளா வாடுவது?

ஒரு குதிரையின் முன்னே ஊரே திரள்வதைப் பார்த்தால் எமில் துர்க்கைம் நினைவுக்கு வருவார். இந்தப் பிரெஞ்சு சமூகவியலாளர் 1912இல் வெளியிட்ட நூலில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் குலக்குறிகளை ஆராய்ந்தார். பல்லியையும் கங்காருவையும் அவர்கள் போற்றுவது அந்தப் பிராணிக்காக இல்லை. கூட்டம் கூடும்போது பொங்குகிற உணர்ச்சிக்கு ஓர் உருவம் தேவை, அதுதான் குலக்குறி என்றார். மனுஷன் ஆஸ்திரேலியாவுக்கே போனதில்லை! பிறர் எழுதியதைப் படித்தே இவ்வளவு. மகத்தன்று குளமங்கலத்துக்கு வந்திருந்தால் இன்னொரு பாகம் எழுதியிருப்பார்.

கறாராகப் பார்த்தால் இந்தக் குதிரை குலக்குறி இல்லை, அய்யனாரின் வாகனம். குலக்குறிக்கு உதாரணம் வேண்டுமானால், வட அமெரிக்க ஒஜிப்வே மக்களிடம் நாரைக் குலம், கரடிக் குலம் உண்டு. மரபுப்படி ஒரே குலத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். நம் கொங்குநாட்டில் ஆந்தை கூட்டம், காடை கூட்டம் என்கிற குலங்களிலும் அதே கட்டுப்பாடு. மற்ற பக்கங்களில் பெரும்பாலும் அந்த வேலையைக் குலதெய்வம் செய்கிறது: ஒரே குலசாமி என்றால் பங்காளி, சம்பந்தம் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் குலக்குறி வழக்கம் எங்கே தொடங்கியது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நம் பக்கம் பழைய தடயம் ஒன்று இருக்கிறது: சங்ககாலத்து அரசர்களின் காவல் மரம். அதை வெட்டினால் அந்த அரசனையே சாய்த்த கணக்கு. நன்னன் என்ற மன்னனின் மாமரத்தைக் கோசர் என்ற குடியினர் வெட்டிய செய்தி குறுந்தொகையில் வருகிறது. அரசர்களுக்கு அடையாளப் பூவும் உண்டு: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. குளமங்கலத்து அய்யனாரும் காரை மரத்தடியைப் பெயரிலேயே வைத்திருக்கிறார், பாருங்கள்!

அடுத்த மாசி மகத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் போகலாம். வெயில் ஏறுமுன் போய், மாலை ஏற்றுகிற பக்கமாக இடம் பிடியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.