வேலை முடிந்த பிறகும் கையில் இருக்கும் கோப்பு

நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரவை நின்றதும் காண்ட்ராக்டர்களின் காலம் தொடங்கும். பாய்லர் குழாய் மாற்றுவது, மோட்டார் கழற்றி மாட்டுவது, வயரிங் பார்ப்பது என்று ஆஃப் சீசன் முழுக்க வேலை இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சர்க்கரை ஆலை இயங்கிவரும் ஊர் என்பதால் ஒப்பந்த வேலை இங்கே புதிதல்ல. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் நெய்வேலியிலும் இதே கதைதான். இந்தத் தொழிலில் பரவலாக ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து பில் கொடுத்த பிறகும், கம்பெனி தந்த டிராயிங், அளவுக் குறிப்பு, கணக்கு, பெயர்ப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரு காப்பியை லேப்டாப்பிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்வார்கள். யாரும் இதைத் திருட்டாக நினைப்பதில்லை. "ஒரு காப்பி இருக்கட்டுமே" என்பதோடு சரி.

இந்தப் பழக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பாக்கிப் பணம் மாதக்கணக்கில் வராது. அடுத்த ஆண்டு அதே இயந்திரம் பழுதானால் கம்பெனியில் பழைய டிராயிங் கிடைக்காமல், காண்ட்ராக்டருக்கே போன் போடுவார்கள். எங்காவது விபத்து நடந்தால் "நீ அளவு மாற்றி வெல்டிங் செய்துவிட்டாய்" என்ற பழி சின்ன காண்ட்ராக்டர் தலையில்தான் முதலில் விழும். எந்த டிராயிங்கைப் பார்த்து வேலை செய்தோம் என்று காட்ட அவருக்கு வேறு வழி கிடையாது. காப்பி வைத்திருப்பவரைக் குற்றவாளி போலப் பேசுகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆனால் பணம் வராததற்காகக் கோப்பைப் பிடித்து வைப்பது சட்டத்தில் நிற்காது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி 1990இல் போபால் வழக்கறிஞர் ஒருவரைச் சட்ட ஆலோசகராக அமர்த்தி, 1993இல் விலக்கியது. தமக்கு வரவேண்டிய 97,100 ரூபாயைக் கொடுத்தால்தான் கோப்புகளைத் தருவேன் என்றார் அவர். இந்திய பார் கவுன்சில் அவர் 18 மாதம் தொழில் செய்யத் தடை விதித்து, 1,000 ரூபாய் அபராதமும் போட்டது. ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா என்ற அந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் அவர் செய்தது தவறு என்பதை உறுதிசெய்தது. கோப்பு விற்றுக் காசாக்கக்கூடிய சரக்கு அல்ல, எனவே பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதை மோட்டார் ரீவைண்டிங் செய்பவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கூலி வரும்வரை மோட்டாரைக் கொடுக்காமல் வைத்திருக்க அவருக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பொருளில் அவர் உழைப்பு ஏறியிருக்கிறது. கம்பெனி கொடுத்த கோப்பின் காப்பிக்கு அந்தப் பாதுகாப்பு வராது என்றே நான் கருதுகிறேன். சட்ட ஆலோசகருக்கே இல்லாத உரிமை காண்ட்ராக்டருக்கு எங்கிருந்து வரும்?

எந்த டிராயிங்கை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். டிராயிங் எண், திருத்த எண், வரைந்தவர், சரிபார்த்தவர் கையெழுத்து. அதன் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: இது கம்பெனியின் சொத்து, அனுமதியின்றிப் படியெடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. ஸ்பாட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. நீதிமன்றத்தில் முதலில் படிக்கப்படுவது அதுதான். அந்த வரி இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. இங்கிலாந்தில் 1948இல் முடிந்த சால்ட்மன் வழக்கில், தோல் துளைக்கும் கருவிகளைச் செய்யக் கொடுத்த டிராயிங்கைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்திய நிறுவனம், நேரடி ஒப்பந்தம் இல்லாமலேயே பொறுப்பாளியானது. தில்லி உயர் நீதிமன்றம் 1987இல் ஜான் ரிச்சர்ட் பிராடி வழக்கில் இதே வழியில் போயிற்று. தீவனம் வளர்க்கும் இயந்திரத்துக்குப் பேனல் செய்து தருவதற்காக டிராயிங் வாங்கிப் பார்த்த நிறுவனம், பிறகு தானே அப்படியொரு இயந்திரத்தைச் செய்தது. நீதிமன்றம் தடை போட்டது. நம்பிக் கொடுத்ததை நம்பிக்கைக்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒரே கொள்கைதான் இரண்டு வழக்குக்கும் அடிப்படை.

"நானே வரைந்த டிராயிங் என்றால்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. தனித்து இயங்கும் காண்ட்ராக்டர் வரைந்தால் பொதுவாக உரிமை அவருக்கே. அதை மாற்றிக் கொடுக்கக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். காண்ட்ராக்டருக்கு இது பெரிய பலம். பலருக்குத் தெரியாத பலமும்கூட. ஆனால் கோடுகள் அவருடையவை என்றாலும், அவற்றுக்குள் இருக்கும் அளவு, அழுத்தம், உற்பத்தி முறை ஆகியவை கம்பெனி நம்பிச் சொன்ன தகவல். தில்லியில் தில்ஜீத் டைட்டஸ் என்பவரின் சட்ட அலுவலகத்திலிருந்து விலகிய வழக்கறிஞர்கள், தாங்கள் ஊழியர்கள் அல்ல, தாங்கள் தயாரித்தது தங்களுடையது என்று வாதாடியும், எடுத்துச்சென்ற கோப்புகளைப் பயன்படுத்த உயர் நீதிமன்றம் 2006இல் தடை விதித்தது. கற்ற தொழிலைக் கொண்டுபோகலாம். கோப்பைக் கொண்டுபோக முடியாது.

ஆட்களைப் பற்றிய விவரம் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். கரும்பு விவசாயிகளின் பட்டியலை டைப் செய்துதரும் ஒருவரிடம் அவர்களுடைய நில அளவு, வங்கிக் கணக்கு, செல்பேசி எண் எல்லாம் வந்துசேரும். ஒப்பந்த வேலையில் கிடைத்த அத்தகைய விவரத்தை, ஆதாயம் கருதியோ நட்டம் வரும் என்று தெரிந்தோ ஒப்பந்தத்தை மீறி வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72-ஏ பிரிவின்படி 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உரக்கடைக்கோ கடன் கம்பெனிக்கோ அந்தப் பட்டியல் போனால் தொல்லைப்படுவது விவசாயி. இங்கே காண்ட்ராக்டர் பக்கம் பேச எனக்கு மனமில்லை.

கம்பெனிகளும் சுத்தமல்ல. வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்புவார்கள். எதைக் கொடுத்தோம் என்ற பட்டியல் இருக்காது. பில்லைக் கேட்டால் "டேட்டா திருடிவிட்டாய், போலீஸில் கொடுப்போம்" என்று மிரட்டுவோரும் உண்டு. பணத் தகராறுகளுக்குக் குற்ற வழக்கு நிறம் பூசும் போக்கை உச்ச நீதிமன்றம் 2006இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த என்.இ.பி.சி. நிறுவன வழக்கிலேயே கண்டித்தது. வணிக ரகசியத்துக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லாததும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆம் அறிக்கையில் ஒரு வரைவைக் கொடுத்திருக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கு விலக்கு வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிப்காட்டின் காற்று, நிலத்தடி நீர் மாசு பற்றி ஆண்டுக்கணக்கில் போராடிவரும் கடலூர்க்காரர்களுக்கு அந்த விலக்கு உயிர்நாடி. சட்டம் வரும்போது அது நீர்த்துப்போகக் கூடாது.

பாக்கியை வசூலிக்க நேரான வழி இருக்கிறது. குறு, சிறு தொழில் முனைவோருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம். கட்டுமானம் கலந்த ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பொருள் கொடுப்பவருக்கும் சேவை செய்பவருக்கும் சந்தேகமில்லை. இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க உதவும் உத்யம் பதிவை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்த ஆஃப் சீசனுக்கு ஒர்க் ஆர்டர் வாங்கும்போது மூன்று வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: எந்தெந்தக் கோப்பு கொடுக்கப்பட்டது, வேலை முடிந்ததும் எதைத் திருப்பித் தர வேண்டும், பொறுப்புக் கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு எதன் காப்பியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒர்க் ஆர்டர், அளவுப் புத்தகம், பில், வேலை முடிந்த சான்று இவையெல்லாம் உங்களுடையவை, பத்திரமாக வைத்திருங்கள். மற்றதை அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.