திருமுக்கூடற் கல்வெட்டும் நெ. து. சு.வின் கல்விப்பணியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே அமைந்தது திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலிற் காணப்படும் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கல்வி வரலாறு எழுதுவோர் பலராலும் எடுத்தாளப்படுவது. வேதமும் இலக்கணமும் பயின்றோர் உள்ளிட்ட 60 பேர்க்கு உணவும், ஆண்டில் 51 சனிக்கிழமைகட்குத் தலைக்கு எண்ணெயும் அதன்கண் வரையறுக்கப்பட்டுள்ளன. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலையும் அதன்கண் கூறப்படும். பசியும் பிணியும் நீங்கினாலன்றிக் கல்வி நிலைபெறாது என்னும் தெளிவு 11ஆம் நூற்றாண்டிலேயே இருந்தமைக்கு இது சான்று.

எனினும், இதுகொண்டு சோழநாட்டில் அனைவர்க்கும் இலவசக் கல்வி வழங்கப்பட்டது என முடிபு கொள்ளல் பொருந்தாது. கல்வெட்டுக் கூறும் பாடங்கள் வேதம், வியாகரணம், ஆகமம் என்பன. அவற்றைப் பயிலும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது. உண்டோர் தொகையைக் கல்வெட்டுச் சொல்லும். அழைக்கப்படாதோர் தொகையைச் சொல்லாது.

அவ்வரையறை நீங்கியதை அறிய, இதே காஞ்சிபுர வட்டாரத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் பணியை நோக்குதல் வேண்டும். 1954இல் அவர் பொதுக்கல்வி இயக்குநரானார். 1956இல் மதிய உணவுத் திட்டம், முதற்கண் ஊரார் நன்கொடையை நம்பியே தொடங்கிற்று. அதனையடுத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எழுந்தன. கட்டடமும் பலகையும் ஊர்மக்களே அளித்தனர். 1969 முதல் 1975 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

இவையனைத்தையும் அவர் ஒருவர்க்கே உரியனவாக்குதலும் பிழையே. முதலமைச்சர் காமராசரின் துணிவும், பெயரறியா ஊரார் ஈகையும் இன்றேல் இயக்குநரின் ஆணை ஏட்டளவில் நின்றிருக்கும். அவர்தம் தன்வரலாறாகிய 'நினைவு அலைகள்' ஆய்வாளர்க்கு அரிய கருவூலம். ஆயினும் அது செயலாற்றியவரே கூறும் சான்றாதலின், அரசு ஆவணங்களோடு ஒப்புநோக்கியே கொள்ளத்தக்கது. கல்வெட்டும் ஈந்தோன் சார்பில் எழுந்ததே. ஆதலின், இரண்டிற்கும் ஒரே அளவுகோலை நாம் கொள்ளுதல் முறை.

இவ்விரண்டிற்கும் பொதுவானது, கற்பார்க்குச் சோறிடல் வேண்டும் என்னும் கொள்கை. வேறுபாடோ, பந்தியில் யார் அமரலாம் என்பது. முன்னதைப் போற்றிப் பின்னதை மறைத்து எழுதுவது பெருமையுரையாகுமேயன்றி வரலாறாகாது. கல்வெட்டை நெல்லளவு, காசளவு என்று கணக்கிட்டு அமையும் இளம் ஆய்வாளர், அப்பந்திக்குப் புறத்தே நின்றோரையும் வினவுதல் கடன்.