கணவன்மார் அறியாத போர்

சூனியக்காரி என்றதும் கூம்புத் தொப்பியையும் கொப்பரையையும் தேடுகிறவர்களை 1962இல் வந்த ‘நைட் ஆஃப் தி ஈகிள்’ ஏமாற்றிவிடும். சிட்னி ஹேயர்ஸ் இயக்கிய இந்தச் சிக்கனமான பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படத்தில் செய்வினை வைப்பவர்கள் கல்லூரிப் பேராசிரியர்களின் மனைவிமார். கூடி உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடுகிறார்கள். யார் கணவனுக்குப் பதவி உயர்வு என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள். வயிற்றெரிச்சல் முற்றினால் மாந்திரீகம்.

மூலம், ஃபிரிட்ஸ் லைபரின் ‘கான்ஜர் வைஃப்’ நாவல். ஹாலிவுட் இதை 1944இலேயே ‘வியர்ட் உமன்’ என்று ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தது. ஆனால், ரிச்சர்ட் மாத்திசன், சார்ல்ஸ் போமான்ட் இருவரின் கைபட்ட இந்தத் திரைக்கதைதான் நிற்கிறது.

நார்மன் டெய்லர் கல்லூரிப் பேராசிரியர். கரும்பலகையில் ‘நான் நம்பவில்லை’ என்று எழுதிவிட்டு, மூடநம்பிக்கையைப் பற்றி வகுப்பெடுப்பவர். நடித்தவர் பீட்டர் வின்கார்ட். முந்தைய ஆண்டு ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தில் பேயாக வந்து ஜன்னலில் நின்றவர், இதில் பேயே இல்லை என்கிறார்! வீட்டில் இழுப்பறைகளிலும் மூலைமுடுக்குகளிலும் மனைவி டான்சி ஒளித்துவைத்த தாயத்துகளும் இன்னபிறவும் ஒவ்வொன்றாக அகப்படுகின்றன. எல்லாம் அவருக்கான காப்பு என்று அவள் கதறுகிறாள். அவர் அத்தனையையும் நெருப்பில் போடச் செய்கிறார். பகுத்தறிவாளர் தன் பக்கத்து ஆயுதக் கிடங்குக்குத் தானே தீ வைத்துக்கொள்ளும் அந்தக் காட்சியில் டான்சியாக வரும் ஜேனட் பிளேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுநாளே எல்லாம் சரியத் தொடங்குகிறது. மாணவி ஒருத்தி அபாண்டமாகப் பழி போடுகிறாள். அவளுடைய காதலன் துப்பாக்கியோடு வருகிறான்.

காசில்லாத படம் சத்தத்தை நம்பும். நார்மனின் சொற்பொழிவைப் பதிந்த ஒரு டேப். அதற்குள் வேறு ஏதோ புதைந்திருக்கிறது. அது ஓடும்போது வாசலுக்கு வெளியே ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. நமக்கு அதைக் காட்டுவதே இல்லை. ஹேயர்ஸ் படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர். எந்த இடத்தில் வெட்டினால் நெஞ்சு அடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அந்தக் கட்டுப்பாடு கடைசியில் கொஞ்சம் தளர்கிறது. கல்லூரி முகப்பின் கல் கழுகு உயிர்பெற்றுத் துரத்தும் காட்சியில் பறவையைச் சற்று அதிகமாகவே காட்டிவிட்டார்கள். சில ஷாட்டுகளில் பயத்தைவிடப் பரிதாபம் வருகிறது. ஆனாலும் கரும்பலகையோடு ஒண்டி நிற்கும் நார்மனின் முதுகு பட்டு, எழுதியிருந்ததில் மறுப்புச் சொல் மட்டும் அழிந்துபோகும் குறும்புக்காக எதையும் மன்னிக்கலாம்.

சூத்திரதாரி, பேராசிரியர் மனைவிமாரில் ஒருத்தியான, விந்தி நடக்கும் ஃப்ளோரா. மார்கரெட் ஜான்ஸ்டன் அவளுக்குத் தந்திருக்கும் புன்னகை கழுகைவிடக் கொடூரம். ஒலிபெருக்கியில் அந்த டேப்பை ஓடவிட்டு, சீட்டுக்கட்டு வீட்டைக் கொளுத்தி டான்சியின் வீட்டையே எரிக்கிற அவளை யார் தடுப்பது? அவள் கணவர்தான். விஷயம் தெரியாமல் அறைக்குள் வந்து ஒலிபெருக்கியை அணைக்கிறார், கழுகு மறைகிறது. கிளம்பும்போது திறந்து கிடக்கும் பெரிய கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்கிறார். அவள் தடுத்தும் கேட்கவில்லை. அவர் வரும்வரை அவள் கீழே காத்து நிற்க, மேலிருந்து கல் கழுகு பெயர்ந்து விழுகிறது.