நூலில் எழுதலாமா?

காட்கோபரில் எங்கள் பகுதித் தமிழன்பர்கள் நடத்திவரும் சிறு நூல்நிலையத்தில் இரண்டு இரும்பு அலமாரிகளே உள்ளன. அவற்றுள் ஒன்றின் கதவில் ஒட்டியுள்ள விதிகளுள் மூன்றாவது, நூல்களில் கோடிடுவதோ எழுதுவதோ கூடாது என்பது. அவ்விதியை வகுத்தவன் நானே. வகுத்த நாளில் அதன் நியாயத்தைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயம் இருந்ததில்லை. ஊருக்குச் சென்று திரும்புவோர் ஊறுகாய்ச் சாடிக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே செருகிக் கொணர்ந்த நூல்கள் அவை. ஒரு படி கெட்டுவிட்டால் மற்றொன்று வருவதற்கு அடுத்த கோடை விடுமுறை வரையில் காத்திருக்க வேண்டும். அத்தகைய நூலில் ஒருவர் தம் மனம்போனபடி எழுதுவது, பந்தியில் அமர்ந்தவர் அடுத்தவர் இலையில் கைவைப்பதை ஒக்கும் என்று கருதினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரைப் படி ஒன்று திரும்பி வந்தது. 1949 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கும் அந்தக் கையடக்க நூலை அறியாத தமிழ் இல்லம் அரிது. திரும்பி வந்த படியிலோ முதல் முப்பது அதிகாரங்களில், குறளின் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தேவநாகரி எழுத்துக்கள்! ஓரங்களில் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் சொற்பொருள்கள். எடுத்துச் சென்றவர் ஒரு பாட்டியார். எழுதியவள் அவருடைய பேத்தி, பன்னிரண்டு வயதுச் சிறுமி. செயற்குழு கூடியது. நூலின் விலையைப் பெற்றுக்கொண்டு அப்படியை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். வள்ளுவர் வாக்கின் தலைமேல் வேற்றெழுத்தை ஏற்றுவதா என்று சினந்தார் மற்றொருவர். பென்சில்தானே, அழித்துவிடலாம் என்றேன் நான். அழிக்கும் பொறுப்பும் என்மேலேயே விழுந்தது.

அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கையில்தான் இக்கட்டுரைக்குரிய வினா என் உள்ளத்தில் எழுந்தது.

நூலில் எழுதலாகாது என்னும் நாம் உண்மையில் எழுதாமலா இருக்கிறோம்? புது நூல் வாங்கியதும் பிள்ளையார் சுழியிட்டுப் பெயரெழுதுவோர் எத்துணையோ பேர். மணமக்களுக்கு அளிக்கும் நூலின் முதற்பக்கத்தை வாழ்த்துரையால் நிரப்புகிறோம். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் சிறிது நேரம் நின்றவர்கள் அறிவார்கள்: அட்டையைப் புரட்டியதும் யாரோ யாருக்கோ எழுதிய அன்புரை ஒன்று கண்ணிற்படும். அதனைக் குற்றம் என்பார் இல்லை. வார இதழ்த் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்த தொகுதி ஒன்றில், மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதிவைத்த புண்ணியவான் ஒருவரை மட்டும் நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

இவ்வினாவை நம் இலக்கிய வரலாற்றின்முன் வைத்துப் பார்த்தேன். ஓலைச்சுவடியில் ஓரம் என்பது பெயரளவிற்கே உண்டு. எழுத்தாணி கீறியதைத் துடைத்து அழிக்கவும் இயலாது. செய்யுள் அடி பிரியாமல் உரைநடைபோல் ஓடும். மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்தைப் படிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு தோன்றாது. ஓலையின் ஆயுளும் சில நூற்றாண்டே ஆதலின், பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தால்தான் நூல் பிழைக்கும். இச்சூழலில் ஒருவர் தம் சுவடியில் தாமே ஒரு செய்யுளைப் பாடிச் சேர்த்தால், அடுத்துப் பெயர்த்தெழுதுபவர் கைக்கு அது மூலமாகவே போய்ச் சேரும்.

சீவக சிந்தாமணியே இதற்குத் தக்க சான்று. இன்று நாம் காணும் சிந்தாமணியில் 3,145 செய்யுட்கள் உள்ளன. திருத்தக்கதேவர் பாடியவை 2,700 என்றும், ஏனையவை கந்தியார் என்பார் பாடிச் சேர்த்தவை என்றும் கூறுவர். அங்ஙனமாயின் 445 செய்யுட்கள் வேற்றுக் கையின ஆகின்றன. அவை எவை எவை என்று முற்றும் பிரித்துக் காட்ட வல்லார் இன்று இலர். கந்தியார் நல்ல புலவராகவே இருந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அவர் பாட்டு தேவர் பாட்டோடு இவ்வாறு இழையறியாமல் கலந்திராது. அத்திறமே கேடாயிற்று. திறமற்றவர் செருகியதைக் கண்டு ஒதுக்கிவிடலாம். கம்பராமாயணத்தில் 'வெள்ளிப் பாடல்' என்று புலவர்கள் ஒதுக்கியவை அத்தகையன. கந்தியார் செய்ததை ஒதுக்கவும் முடியவில்லை, அவருக்குரிய புகழை அவருக்கு அளிக்கவும் முடியவில்லை. இரு புலவரும் இழந்தனர்.

அச்சிந்தாமணியை 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு, தமக்குப் பொருத்தமெனத் தோன்றிய பாடத்தை மூலத்தில் வைத்து, வேறுபட்ட பாடங்களையும் தம் குறிப்புகளையும் தனியே காட்டும் முறையைத் தம் பதிப்புகளில் வளர்த்துச் சென்றார். நோக்கினால், அவரும் பழைய நூலோடு தம் எழுத்தைச் சேர்த்தவரே. ஆயினும் பக்கத்தின் மேற்பகுதி யாருடையது, அடிக்குறிப்பு யாருடையது என்பதில் படிப்பவர்க்கு மயக்கம் நேர்வதில்லை. கந்தியாருக்கும் ஐயரவர்களுக்கும் உள்ள வேறுபாடு எழுதியதிலும் எழுதாமையிலும் இல்லை; கை வேறு என்று தெரிய எழுதியதில் இருக்கிறது. அச்சினால் நமக்குக் கிடைத்த பெரும்பயன் மலிவு என்பார்கள். ஓரமும் அடிக்குறிப்பும் அதனிற் பெரியவை என்பேன்.

கை வேறு என்று தெரிந்தால் அக்குறிப்பு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு நம் நகரத்திலேயே சான்று உண்டு. காட்கோபரில் தெற்கு நோக்கிச் செல்லும் மெதுவண்டியில் ஏறினால் ஐந்தாம் நிலையம் தாதர். அங்கு இந்து காலனியில் டாக்டர் அம்பேத்கர் தம் நூல்களுக்கென்றே இடம் வகுத்துக் கட்டிய 'இராஜகிருகம்' உள்ளது. 1917இல் அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. நூலிழப்பின் துயரை அவ்வளவு அறிந்த அவர், தம் நூல்களில் பென்சிலால் தாராளமாகக் கோடிட்டவர், ஓரங்களில் குறித்தவர். அவர் கைப்பட்ட நூல்கள் பல, 1946இல் அவர் தோற்றுவித்த சித்தார்த்தா கல்லூரியின் நூலகத்தில், கோட்டைப் பகுதியில் இருக்கின்றன. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராயிருந்த ஜான் டூயி 1916இல் வெளியிட்ட 'மக்களாட்சியும் கல்வியும்' என்னும் நூல் அவர் அவ்வாறு கோடிட்டுக் கற்றவற்றுள் ஒன்று. ஸ்காட் ஸ்ட்ரௌட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இக்குறிப்புகளை ஆராய்ந்து 2023இல் நூலொன்று வெளியிட்டார். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில் ஆசிரியரின் எந்தக் கருத்தை மாணவர் எடுத்துக்கொண்டார், எதனை விடுத்தார், எதனைத் தம் மக்களுக்கேற்ப மாற்றினார் என்பதைத் தொடர்ந்து காண அக்கோடுகள் வழிகாட்டுகின்றன. யாரேனும் ஒரு தூய்மை விரும்பி அவற்றை அழித்திருந்தால்?

அழிந்தே போன குறிப்பேடும் உண்டு. பிரான்சு நாட்டுக் கணிதர் ஃபெர்மா, பண்டைக் கிரேக்கர் டயோஃபாண்டசின் நூலோரத்தில் ஒரு தேற்றத்தைக் குறித்து, அதற்கான நிரூபணத்தை எழுத அவ்வோரம் போதவில்லை என்றும் எழுதிவைத்தார். அப்படி இன்று இல்லை. அவர் மறைந்தபின் மகனார் 1670இல் அக்குறிப்புகளைச் சேர்த்து அந்நூலை அச்சிட்டதால் உலகம் அறிந்தது. நிரூபணம் வெளியானது 1995இல்.

கோடிடுவார் எல்லாரும் அம்பேத்கரோ என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பொது நூலில் பெயர் தெரியாத ஒருவர் பத்தி முழுவதும் பேனாவால் கோடிட்டுச் செல்வாராயின், இங்கே ஒருவர் வந்துபோனார் என்பதைத் தவிர அக்கோடு நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. பின்வருவோர் கண்ணையும் அது தன் வழியே இழுக்கிறது. தம் நூலில் எழுதுவது ஒருவர் உரிமை. இரவல் நூலில் எழுதுவதை இன்றும் நான் ஏற்கவில்லை. மூன்றாம் விதியும் அலமாரிக் கதவில் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்தத் திருக்குறள் படி? முதல் ஆறு அதிகாரங்களையும் ஓர் எழுத்து விடாமல் அழித்துவிட்டு, ஏழாவதாகிய மக்கட்பேற்றுக்கு வந்தேன். 'மழலை' என்ற சொல்லின்மேல் அழிப்பான் நின்றது. மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. அச்சிறுமி ளகரத்தை எழுதி, அதன் கீழ் ஒரு புள்ளி இட்டிருந்தாள். அது வேறு ஒலி என்று பாட்டியார் நாவை மடித்துக் காட்டியிருத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு சொல்லாக நோக்கினேன். தமிழில் ககர எழுத்து ஒன்றே. நாகரியில் வல்லோசைக்கு ஒன்று, மெல்லோசைக்கு வேறொன்று. 'கூழ்' என்பதன் முதலெழுத்துக்கு ஒன்றையும் 'மகன்' என்பதன் நடுவெழுத்துக்கு மற்றொன்றையும் பிழையறத் தேர்ந்திருந்தாள். தமிழெழுத்தைப் பார்த்து மட்டும் இதனைச் செய்ய முடியாது. ஒருவர் வாய்விட்டுப் படிக்க, ஒருவர் செவி கொடுத்திருந்தாலன்றி இயலாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நாகரியில் எழுத்து ஒன்றே. ஏடெழுதியோர் பட்ட அதே இடர்ப்பாடு இவளுக்கும் நேர்ந்தது. நெடில் வருமிடமெல்லாம் மேலே சிறு கோடு ஒன்றிட்டுத் தீர்த்துக்கொண்டாள். வள்ளுவர் வாக்கையும் இவள் எழுத்தையும் எக்காலத்தும் எவரும் மயங்கப் போவதில்லை, எழுத்தே வேறு. கந்தியார் செய்த பிழையை இவள் செய்யவில்லை.

தமிழெழுத்து அறியாத பேத்தியும் நாகரி அறியாத பாட்டியும் ஒரு நூலின்மேல் குனிந்து அமர்ந்திருந்த மாலைப்பொழுதுகளைத்தான் நான் அழித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. செயற்குழுவில் எடுத்துரைத்தேன். சினந்தவர் நூலை வாங்கி 'மழலை'யை மட்டும் பார்த்தார், வேறொன்றும் சொல்லவில்லை. புதுப்படி ஒன்று வாங்கி வைத்தோம். பழைய படியில் எழுதியவள் பெயரையும் ஆண்டையும் உள்ளட்டையில் குறித்துத் தனித்தட்டில் வைத்தோம். பாட்டியார் இப்போது இல்லை.

தமிழெழுத்துத் தெரியாத பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துவரும்போது அப்படியைத்தான் கேட்கிறார்கள். முப்பதாம் அதிகாரத்துக்குப் பிறகு வேறொரு கை, சற்றுத் தடித்த பென்சிலில், அதே புள்ளியையும் அதே சிறு கோட்டையும் கையாண்டு மூன்று அதிகாரங்கள் எழுதியிருக்கிறது. விதியை நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்தில் உள்ள அறுபது குறட்பாக்களின் மேல் மட்டும் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்திய தடம் தெரிகிறது, படிக்க முடியவில்லை.