‘வந்தாள்’ என்னும் வினை: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில் இடநோக்கு

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) குறித்த விவாதங்கள் பெரும்பாலும் தலைப்பின் முதற்சொல்லைப் பற்றியே அமைந்தன. அலங்காரத்தம்மாள் எத்தகைய தாய் என்னும் வினாவையே கண்டித்தோரும் பாராட்டியோரும் எழுப்பினர். இரண்டாம் சொல்லாகிய வினை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

‘வா’ அன்றாட வழக்கில் மிகப் பொதுவான வினை. ஆயினும் அதன் ஆட்சி வரையறைக்கு உட்பட்டது. தொல்காப்பியக் கிளவியாக்கம் தரவையும் வரவையும் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செலவையும் கொடையையும் படர்க்கை இடத்துக்கும் உரியனவாக வகுக்கிறது. வருபவர் யாராயினும், அவர் வந்து சேரும் இடம் பேசுவோருடையதாகவோ கேட்போருடையதாகவோ இருத்தல் வேண்டும். இதன்படி நோக்கினால், தலைப்பில் ‘என்னிடம்’ என்னும் சொல் தொக்கு நிற்கிறது. கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் தலைப்பு மகன் அப்புவின் இடத்தில் நின்று பேசுகிறது. இயற்பெயர் நீங்கி ‘அம்மா’ என்னும் முறைப்பெயர் நிற்பதும் இதனோடு இயைகிறது.

அவ்விடம் சென்னையிலுள்ள பிறந்த வீடு அன்று. காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் வேத பாடசாலை. வேதம் பயின்று முடித்து வீடு திரும்பும் அப்பு, தாய்க்கும் சிவசுவுக்கும் உள்ள உறவை அறிந்தபின் மீண்டும் பாடசாலையையே அடைகிறான். வீடு அவனுக்குப் போய்த் திரும்பும் இடமாகிறது. பாடசாலை வந்து சேரும் இடமாகிறது. தாயின் வரவு பொருள் பெறுவது இந்த இடமாற்றத்தினால்தான்.

இவ்வினை நாவலின் பிற உறவுகளையும் விளக்குகிறது. சிவசு வீட்டுக்கு வருவது வழக்கமாகிப்போன வரவு. தாய் மகனைத் தேடி வருவது இறுதி வரவு. வேதம் ஒருவருக்கு ‘வரும்’. ஆசையும் கோபமும்கூட ‘வரும்’. இவ்வழக்குகளில் மனிதர் வினைமுதலாக அன்றி, நான்காம் வேற்றுமை ஏற்றுக் கொள்வோராக நிற்கின்றனர். முயன்று பெற்ற வேதமும் முயலாமல் எழும் ஆசையும் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. அப்பு இந்துவிடம் கொள்ளும் ஈர்ப்பை இவ்விரண்டுக்கும் இடையில் வைத்தே நாவல் காட்டுகிறது.

விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்னாது ‘போய்வருகிறேன்’ என்பது தமிழ் மரபு. அலங்காரத்தம்மாள் காசியில் உயிர்விடக் கருதிப் புறப்படுகிறாள். அது ‘வருகிறேன்’ என்னும் உறுப்பு நீங்கிய செலவு. தலைப்பு வரவைக் கூற, கதை செலவில் முடிகிறது.

தண்டபாணியின் நினைவோட்டமும் நாவலில் இடம்பெறுவதால், அப்புவின் நோக்கு மட்டுமே அதில் உள்ளது எனக் கூற இயலாது எனலாம். ஆயினும் அது கணவரின் நோக்கு. அதுவும் அவளை எதிர்நின்று காண்பதே. ஆகவே வாசகர் பெரிதும் அறிவது மகனிடமும் கணவரிடமும் வந்து சேர்ந்த அலங்காரத்தம்மாளை. எவரிடமும் வராத, தன்னிடத்தே நிற்கும் அலங்காரத்தம்மாள் அவ்வினைக்கு வெளியே இருக்கிறாள். அவள்மீது தீர்ப்புக் கூறும் திறனாய்வு, மகனின் இடத்தைப் பொது இடமாகக் கொண்டுவிடுகிறது. அவ்வாறு கொள்ளலாகாது என்பதற்கான சான்று தலைப்பின் வினையிலேயே உள்ளது.