மூன்று ஊர், மூன்று நீதிபதி, ஒரு பவுடர் டப்பா

அமெரிக்காவில் திவால் வழக்கு நடத்துகிற வக்கீல்கள் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் செய்கிற ஹோம்வொர்க்கைப் பார்த்தால், நம்மூர் ப்ளஸ் டூ பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். சட்டம் என்னவோ ஒன்றுதான். 1978-ல் வந்தது, நாடு முழுக்க ஒரே புத்தகம். ஆனால் அதைப் படிக்கிற நீதிபதிகள் பல பேர். ஒருத்தர் பேச்சைவிட எழுத்தை நம்புவார். இன்னொருத்தருக்கு மனுவின் பிரிண்ட் காப்பி முன்கூட்டியே மேஜைக்கு வந்தாக வேண்டும். மூன்றாமவர் வக்கீல் ஃபீஸ் பில்லை மளிகைக்கடை பில் மாதிரி வரிவரியாகப் பார்ப்பார். என் கோர்ட்டில் இப்படி இப்படித்தான் என்று பல நீதிபதிகள் தனித்தனியாக நடைமுறைக் குறிப்புகளே வெளியிட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் படித்து, பழைய தீர்ப்புகளையும் புரட்டிவிட்டுப் போகிறவர்தான் கெட்டிக்கார வக்கீல்.

இதில் ஒரு தப்பும் இல்லை. எந்த வீட்டில் உப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கிற சமையல்காரர் மாதிரிதான். வம்பு அடுத்த படியில் இருக்கிறது. இந்த நீதிபதி முன்னால் எப்படிப் பேசலாம் என்று யோசிப்பது ஒன்று. எந்த நீதிபதி முன்னால் போய் நிற்கலாம் என்று யோசிப்பது வேறு. பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறவனும், என் பேப்பரை இன்னார்தான் திருத்தணும்னு ஏற்பாடு பண்ணுகிறவனும் ஒன்றா?

அமெரிக்கச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒரு கம்பெனி தான் பதிவான மாநிலத்தில் திவால் மனுப் போடலாம். முக்கியமாகத் தொழில் நடக்கிற ஊரில் போடலாம். பெரும்பகுதி சொத்து இருக்கிற இடத்தில் போடலாம். போதாக்குறைக்கு, ஒரு கிளைக் கம்பெனி எங்காவது மனுப் போட்டிருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் அங்கே போய் இறங்கலாம்.

ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாமல் திவாலாகிற ஒஹையோ தொழிலாளிக்கு இந்த வசதி எல்லாம் கிடையாது. முந்தின 180 நாளில் பெரும்பகுதி எங்கே குடியிருந்தாரோ, அந்த ஊர்தான். அங்கேயும் நீதிபதியை அவர் பார்ப்பதே அபூர்வம். டிரஸ்டி ஒருவர் கொஞ்ச நேரம் கேள்வி கேட்பார், அவ்வளவுதான் கதை. ஒருத்தருக்கு நீதிபதியின் முகமே தெரியாது. இன்னொருத்தருக்கு மெனு கார்டே கையில்!

நம் வீட்டு அலமாரிகளிலும் பல வருஷம் இருந்த ஒரு டப்பாவின் கதையைப் பார்ப்போம். ஜான்சன் அண்ட் ஜான்சன் பேபி பவுடர். அதிலிருந்த டால்க்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அதனால்தான் எங்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் வழக்குப் போட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், அதுவும் சினைப்பைப் புற்றுநோய். பவுடரில் ஆஸ்பெஸ்டாஸே இல்லை, அது பாதுகாப்பானது என்பதுதான் ஆரம்பம் முதலே கம்பெனியின் நிலை. ஆனால் 2018-ல் செயின்ட் லூயிஸ் ஜூரி 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் கொடு என்றது. அப்பீலில் அது 212 கோடியாகக் குறைந்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் கம்பெனியின் மனுவை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

அடுத்து என்ன செய்வது? அதே வருஷம் அக்டோபரில் டெக்சாஸ் சட்டப்படி ஒரு கம்பெனியை இரண்டாக வெட்டினார்கள். லாபமெல்லாம் ஒரு பக்கம், பவுடர் வழக்குகளெல்லாம் இன்னொரு பக்கம். வழக்குகளைச் சுமந்த பிள்ளைக்கு எல்.டி.எல். என்று பெயர். அதை வடக்கு கரோலினா கம்பெனியாக மாற்றி, சில நாட்களிலேயே அங்கே சார்லட் நகரத்தில் திவால் மனுப் போட்டார்கள். ஒரு நடனத்தின் பெயரைக் கடன் வாங்கி இதற்கு 'டெக்சாஸ் டூ-ஸ்டெப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள் விமர்சகர்கள்.

கம்பெனியின் தலைமையகம் நியூஜெர்சியில். அப்புறம் ஏன் சார்லட்? அந்த வட்டாரத்து அப்பீல் கோர்ட் வழக்கப்படி, கெட்ட எண்ணத்தோடு போட்ட மனு என்று ஒரு திவால் மனுவைத் தள்ளுபடி செய்வது ரொம்பக் கஷ்டம். எண்ணமும் கெட்டதாக இருக்கணும், மனுவால் உருப்படியாக எதுவும் நடக்காது என்றும் நிரூபிக்கணும். ஊர் மாறினால் விதி மாறும் என்பது ஜோசியம் மட்டும் இல்லை பாருங்கள்!

ஆனால் சார்லட் நீதிபதி கிரெய்க் விட்லி, இந்த வழக்குக்கு நியூஜெர்சிதான் சரியான இடம் என்று 2021 நவம்பரில் அனுப்பிவிட்டார். அங்கே நீதிபதி மைக்கேல் கேப்லான் 2022-ல் மனுவை ஏற்றுக்கொண்டார். 2023 ஜனவரியில் அப்பீல் கோர்ட் அதைக் கவிழ்த்தது. காரணம் எளிமையானது: திவால் சட்டம் பணக்கஷ்டத்தில் இருப்பவனுக்கு. எல்.டி.எல்லுக்குப் பின்னால் தாய்க் கம்பெனியின் வாக்குறுதி சுமார் 6,150 கோடி டாலர் மதிப்புக்கு இருந்தது.

'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று நம்மூரில் சொன்னால், அவனிடம் இனி ஒன்றும் தேறாது என்று அர்த்தம். பி.காம். வகுப்பில் திவால் கணக்கு போடும்போது எங்களுக்கும் முதல் வேலை அதுதான்: சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, துண்டு விழுவது எவ்வளவு. இந்தக் கணக்கில் துண்டே விழவில்லையே சார்!

கம்பெனி அசரவில்லை. 2023 ஏப்ரல் 4-ம் தேதி முதல் வழக்கு முறைப்படி முடிந்தது. இரண்டேகால் மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டாவது மனு வந்து விழுந்தது. முதல் தடவை 200 கோடி டாலர் நிதி என்றவர்கள் இப்போது 25 வருஷத்தில் 890 கோடி என்றார்கள். ஜூலையில் அதே கேப்லான் அதைத் தள்ளுபடி செய்தார். மூன்றாவது தடவை புதுப் பெயர், ரெட் ரிவர் டால்க். புது ஊர், டெக்சாஸின் ஹூஸ்டன். 2024 செப்டம்பரில் மனு. 2025 மார்ச் 31 அன்று நீதிபதி கிறிஸ்டோபர் லோபஸும் முடியாது என்றார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஓட்டு வாங்கிய விதத்தில் கோளாறு, சம்பந்தப்பட்ட மற்றவர்களுக்கும் சேர்த்து வழக்கிலிருந்து விடுதலை கொடுப்பதும் சரியல்ல என்றார். அப்பீல் போகப் போவதில்லை, வழக்கமான கோர்ட்டுகளிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றது கம்பெனி.

'அப்புறமென்ன, நீதி ஜெயித்துவிட்டதே' என்பீர்கள். காலண்டரைப் பாருங்கள். 2021 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை மூன்றரை வருஷம். திவால் மனு விழுந்தால் வழக்குகள் அப்படியே நிற்கும், அதுதான் அந்தச் சட்டத்தின் மகிமை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு வரவு செலவு வரி. புற்றுநோய்க்காரருக்கு அது ஆயுள். காத்திருந்தபோதே இறந்துபோனவர்கள் உண்டு.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடணும். ஜூரி தீர்ப்பு ஒரு லாட்டரி. ஒருத்தருக்குக் கோடி, அடுத்தவருக்குப் பூஜ்யம். திவால் கோர்ட்டில் எல்லாருக்கும் சீக்கிரமாக ஏதாவது கிடைக்கும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. அனுபவமுள்ள நீதிபதியிடம் போனால் முடிவை ஓரளவு கணிக்க முடியும் என்பதும் உண்மை. ஆனால் யாருக்காகக் கணிப்பது? ஊரைத் தேர்ந்தெடுத்தது ஒரே கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களுக்குத் தபாலில் செய்தி வந்தது.

இது ஒரு கம்பெனியின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. ஆக்ஸிகான்டின் மாத்திரை விற்ற பர்டியூ ஃபார்மாவின் தலைமையகம் கனெக்டிகட்டில். 2019-ல் திவால் மனு போட்டதோ நியூயார்க்கின் வைட் ப்ளெயின்ஸில். அங்கே திவால் நீதிபதி ஒரே ஒருவர்தான், குலுக்கலுக்கே வேலையில்லை. அவர் ஒப்புக்கொண்ட திட்டம் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தை வழக்குகளிலிருந்து காப்பாற்றியது. 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்று அதைச் செல்லாது என்றது. ஹூஸ்டனில் பெரிய வழக்குகளுக்கென்று இரண்டே நீதிபதிகளை ஒதுக்கி, நாடெங்கிலுமிருந்து கம்பெனிகள் வந்து குவிந்தன. அதில் ஒருவரான டேவிட் ஜோன்ஸ் 2023 அக்டோபரில் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. அவர் கோர்ட்டில் அடிக்கடி ஆஜரான வக்கீல் ஆபீஸில் பங்குதாரராக இருந்த பெண்மணியோடு சேர்ந்து வாழ்ந்ததை வெளியே சொல்லாமலே அந்த ஆபீஸின் ஃபீஸுக்கு ஒப்புதல் கொடுத்து வந்தது அம்பலமானது. கடை வாசலில் கூட்டம் சேரச் சேர, கடைக்காரர் தராசைப் பார்ப்பது குறையும்.

தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்லை. தலைமையகமோ முக்கிய சொத்தோ உள்ள ஊரில் மட்டும் மனுப் போடு, நீதிபதியைக் குலுக்கிப் போடு. 2018-ல் ரிபப்ளிகன் ஜான் கார்னினும் டெமாக்ரட் எலிசபெத் வாரனும் சேர்ந்தே முதல் பாதிக்கு மசோதா கொண்டுவந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிக்காரர்கள்! அது சட்டமாகவில்லை. 2021-ல் மறுபடி வந்த மசோதாவும் ஆகவில்லை. நியூயார்க் தெற்கு மாவட்டம் பர்டியூ பட்ட பாட்டுக்குப் பிறகு, 2021 டிசம்பரிலிருந்து மிகப் பெரிய வழக்குகளைக் குலுக்கிப் போட ஆரம்பித்தது.

பவுடர் வழக்கில் மூன்று நீதிபதிகளும் கடைசியில் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் நீதிபதியின் நேர்மையை நம்பி ஒரு சட்டம் ஓட்டையோடு இருக்கக்கூடாது. மூன்று கதவைத் தட்டிப் பார்க்கிற சௌகரியம் ஒருத்தருக்கும், மூன்று கதவும் திறக்கிற வரை உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயம் இன்னொருத்தருக்கும் என்றால், அங்கே தீர்ப்பு என்னவானாலும் பாதி வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.