கம்பியைப் பற்றவைக்கலாமா?

அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்க்கும் ஆனோடைசிங் வேலை செய்கிறவர்கள் அமிலத்தின் செறிவைப் பார்க்கிறார்கள், வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். மின்சாரம் பொருளுக்குள் நுழையும் அந்தச் சிறு தொடுபுள்ளியை அதே அக்கறையோடு பார்ப்பவர்கள் குறைவு. வேலை கெடுவதோ பெரும்பாலும் அங்கேதான்.

காரணம் எளிது. அலுமினியத்தின் மேல் வளரும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் கொடுக்கப் பொருளைச் சுற்றிக் கட்டிய கம்பி தொட்டிக்குள் இம்மி நகர்ந்தாலும் தொடுமிடத்தில் ஆக்சைடு படிந்து தொடர்பு அறுந்துபோகும். பொருள் அமிலத்தில் வெறுமனே ஊறிக்கொண்டிருக்கும். அதனால்தான் அலுமினியக் கம்பியைப் பொருளோடு பற்றவைத்துவிடலாம் என்ற யோசனை பலருக்கும் பிடித்துப்போகிறது. செம்போ இரும்போ அமிலத்தில் கரைந்து குளியலையே கெடுக்கும் என்பதால் கம்பி அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும்.

தடித்த, கடினமான படலத்தை வளர்க்கும் ஹார்ட் ஆனோடைசிங்கில் இந்த யோசனைக்கு உண்மையான பலம் இருக்கிறது. சாதாரண கந்தக அமிலத் தொட்டி 20 டிகிரி செல்சியஸையும் 15 வோல்ட்டையும் ஒட்டி ஓடும். ஹார்ட் தொட்டி 0 டிகிரியை ஒட்டி இருக்கும். படலம் தடிக்கத் தடிக்க வோல்ட் 60-ஐயும் தாண்டலாம். தளர்ந்த தொடுபுள்ளி அங்கே சூடேறிப் பொருளையே கருக்கிவிடும். பற்றவைத்த கம்பி அசையாது.

ஆனால் பற்றவைத்தால் தொடுபுள்ளியின் தழும்பே இருக்காது என்று நினைப்பது தவறு. வேலை முடிந்து கம்பியை வெட்டிய இடத்தில் படலமில்லாத வெற்று உலோகம்தான் மிஞ்சும். அதைச் சுற்றிலும் சேதம் உண்டு. சுமார் 5 சதவீதம் சிலிக்கான் உள்ள 4043 வெல்டிங் நிரப்புக்கம்பி ஆனோடைசிங்குக்குப் பிறகு கருஞ்சாம்பலாகத் தெரியும். மக்னீசியம் கலந்த 5356 நிறத்தில் ஓரளவு ஒத்துப்போகும். 6061-டி6 போன்ற கலவைகளில் வெல்டிங் சூடு பட்ட பகுதி வலுவிழக்கும். அரைகுறையாக ஒட்டிய இடுக்கில் அமிலம் தங்கி, பிறகு கசிந்து சாயத்தைக் கறையாக்கும். மின்தேக்கியால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டினால் சூட்டின் கெடுதி குறையும். வெட்டுத் தழும்பு அப்படியேதான் இருக்கும்.

மறையுள்ள துளை இருந்தால் அதில் ஒரு டைட்டானிய போல்ட்டை இறுக முடுக்குவதே மேல். அந்தத் தொடர்பும் எளிதில் நகராது, தழும்பு துளைக்குள் மறைந்துவிடும். அலுமினியப் பிடிகளைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் காஸ்டிக் சோடாவில் படலம் நீக்க வேண்டிய தொல்லையும் டைட்டானியத்துக்குக் கிடையாது.

ஆகவே துளையோ மறையோ இல்லாத, ஹார்ட் படலம் தேவைப்படும், பிறகு கடைந்து நீக்கப்படும் ஓரமுள்ள பொருளுக்கு மட்டுமே பற்றவைப்பு தகும். கண்ணில் படும் பரப்புக்கும் சுமை தாங்கும் பகுதிக்கும் அது கூடாது. எந்த முறையானாலும், மின்தொடர்பு எங்கே விழலாம் என்பதை வடிவமைப்பவர்கள் வரைபடத்திலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த முடிவைத் தொட்டியருகே நிற்பவரிடம் தள்ளிவிடக் கூடாது.